வளரும் பிள்ளைக்கு வாங்கிய நாற்காலி

அன்பு மகனுக்கு,

இங்கு எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். நலம்தான். ஆனால் முன்னறையில், டிவிக்கு எதிரே, பாப்பா வண்டியில் உட்கார்ந்து வர நீ துபாயிலிருந்து அனுப்பிய நாற்காலி பத்து நாளாகப் தோட்டத்துக்கு வந்த புதுத் தொரை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நானும் உன் அம்மாவும் அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறோம். அடுத்த மாதம் நீயும் மருமகளும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். மாரியம்மன் கோயிலில் வைத்து அவளுக்கு முதல் சோறு ஊட்டப் போகிறோம். ஐந்து மாதப் பிள்ளையை விமான நிலையத்திலிருந்து றக்வானை வரைக்கும் நான்தான் என் வேனில் கூட்டிவர வேண்டும். எல்லாம் சந்தோஷமான விஷயங்கள். எனக்கோ பத்து நாளாகத் தலை கிறுகிறுத்துக் கிடக்கிறது. நாற்காலியைக் கொண்டுவந்த உன் நண்பன் வெள்ளிக்கிழமை துபாய்க்குத் திரும்புகிறானாம். அவன் கையில் கொடுத்தனுப்பத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் உன்னிடம் ஒன்று சொல்லிவிட்டேன், அது பொய். அதே போனில் அதைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். உன் நண்பனின் கொழும்பு வீட்டில் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்தேன். அவிசாவளைக்கு இந்தப் பக்கம் செக்பொயின்டில் நிறுத்தினார்கள். இந்தக் காலத்தில் ஒரு தமிழனுடைய வேனில், வெளிநாட்டு எழுத்து ஒட்டிய இவ்வளவு பெரிய பெட்டி என்றால் சும்மா விடுவார்களா? திறக்கச் சொன்னார்கள். திறந்தால் உள்ளே வாரும் கொக்கியும் இரும்புக் கம்பியும். "மேக மொகத்த?" இது என்ன என்று ஒரு ஆமிக்காரர் கேட்டார். "பொடி லமயெக்கே புட்டுவக், மாத்தயா." சின்னப் பிள்ளையின் நாற்காலி என்றேன். சொல்லும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் துப்பாக்கியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக் குனிந்து, கொக்கியை இரண்டு தரம் பூட்டித் திறந்து பார்த்தார். முகம் இளகிவிட்டது. அவர் வீட்டிலும் கைப்பிள்ளை இருக்கிறதாம். பிறகு என் வேனுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "அங்கிள், மேக பந்தின்னே கொஹேத?" என்றார். இதை எங்கே கட்டுவீர்கள் என்று கேட்கிறார். எங்கேயாவது கட்டிக்கொள்ளலாம் என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தேன். மனுசன் கேட்டது நல்ல கேள்வி. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் படித்தேன். புத்தகமா அது? தோட்டத்து ஆபீசில் லெட்ஜர் கூட அவ்வளவு கனம் இருக்காது. இங்கிலீஷ் பாதி, அரபு பாதி. படம் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன். பிறந்த பிள்ளையைப் பின்பக்கம் பார்க்க வைத்து உட்காரவைக்க வேண்டும். கொஞ்சம் வளர்ந்ததும் நாற்காலியைத் திருப்பி முன்பக்கம் பார்க்க வைக்க வேண்டும். இன்னும் வளர்ந்தால் முதுகைக் கழற்றிவிட்டு மணை மாதிரிப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே நாற்காலி, பத்து வயது வரைக்கும். நீயும் போனில் இதைத்தான் பெருமையாகச் சொன்னாய்: "ஒருக்கா வாங்கிட்டா போதும்பா, மறுபடி மறுபடி வாங்கத் தேவல்ல." கேட்டபோது எனக்கும் நல்ல புத்தியாகத்தான் பட்டது. நாம் அப்படி வளர்ந்தவர்கள்தானே.

ஆனால் அதோடு பத்து நாள் குடித்தனம் நடத்தியதில் எனக்குச் சில சங்கடங்கள் தென்படுகின்றன. முதலாவது, அதன் கனம். வேனில் ஏற்றி இறக்கவே எனக்கு மூச்சு வாங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரர் இரவல் தந்தார் என்றாயே, நீங்கள் அங்கே இப்போது பாவிக்கும் கைப்பிடி வைத்த சின்னக் கூடைச் சீட்டு, அதில் பிள்ளை தூங்கிவிட்டால் அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போகலாம். இதில் முடியாது. தூங்குகிற பிள்ளையை வாரைக் கழற்றி எழுப்பித்தான் எடுக்க வேண்டும். அடுத்தது, வார் வைக்கும் உயரம், தலையணையின் உயரம், சாய்மானம் என்று பிள்ளை வளர வளர மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்ற வேண்டிய இடம் கூடினால் பிழை விடுகிற இடமும் கூடும். முப்பது வருடம் வண்டியோடு கிடந்த எனக்கே வாரை எந்தத் துவாரத்தில் விடுவது என்று மூன்று தரம் குழம்பியது. கடைசிப் பக்கத்தில் இன்னொன்றும் போட்டிருக்கிறான்: இதற்குக் காலாவதி உண்டாம், ஒரு தரம் வண்டி மோதிவிட்டால் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் தூக்கி எறிந்துவிட வேண்டுமாம். பத்து வருடத்துக்கு என்று ஒன்றையே வாங்கி, இரண்டாம் வருடத்தில் யாராவது பின்னால் வந்து இடித்தால் பத்து வருடமும் போச்சு. அதுசரி, இரண்டு வருடத்தில் பாப்பாவுக்கு ஒரு தம்பி பிறந்தால் இந்தச் சிம்மாசனத்தில் யார் உட்காருவது? இதை மருமகளிடம் படித்துக் காட்டாதே.

இதெல்லாம் சின்ன விஷயம். என்னைப் பயமுறுத்தியது வேறு. நாற்காலியின் பக்கத்தில் மேசனுடைய ரசமட்டம் மாதிரி ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது. சமதரையில் வண்டியை நிறுத்தி, அந்தக் குமிழ் கோட்டுக்குள் நிற்கும்படி சாய்மானத்தை வைக்க வேண்டுமாம். அப்போதுதான் பச்சைப்பிள்ளையின் தலை முன்னால் கவிழாமல் மூச்சு சீராகப் போகும். சரி, வைத்தாயிற்று. கஹவத்தை தாண்டி நம் பக்கம் திரும்பினால் சமதரை எங்கே இருக்கிறது? வண்டி மலை ஏற ஏற மூக்கைத் தூக்கும். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்த பிள்ளையின் முதுகு நிமிர்ந்துகொண்டே வரும், தலை முன்னால் தொங்கும். பெரிய பிள்ளைக்கு அது ஒன்றுமில்லை. கழுத்து நிற்கத் தொடங்கிய பிள்ளைக்கு? இந்த நாற்காலி எல்லா வயதுக்கும் ஆகும் என்கிறார்கள். எல்லா வயதுக்கும் ஆகிற ஒன்று இந்த வயதுக்கு அச்சாகப் பொருந்துமா என்பதுதான் என் சந்தேகம். மடியில் வைத்துக்கொண்டு வரலாமே என்று பழைய புத்தி சொல்கிறது. அது இதைவிட மோசம் என்று எனக்குத் தெரிகிறது. எப்படித் தெரியும் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

உன் அம்மா முதல் நாளே நாற்காலிக்கு எதிர்க்கட்சி. "வூட்டுக்கு மொத மொத வர்ற புள்ள வழியெல்லாம் திரும்பிப் பாத்துக்கிட்டா வர்றது? கெளம்புனா திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு நமக்குத் தெரியாதா?" என்றாள். அதற்கு நான் பதில் வைத்திருந்தேன். "புள்ள ரோட்ட பாக்கல, பக்கத்துல இருக்க அவங்கம்மா மொகத்த பாத்துக்கிட்டு வருது" என்றேன். அதில் ஓரளவு சமாதானமானாள். ஆனால் அவள் அதோடு விடவில்லை. நாற்காலியின் தலைப்பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கென்று வைத்திருந்த பஞ்சுத் திண்டை எடுத்துக் கையில் அமுக்கிப் பார்த்தாள். "பெருசா வாங்கி உள்ள பஞ்சு அடைச்சு வைக்கிறதுதானே இது? வேணாம்ங்க. ஒருக்கா பட்டது போதும். அவன் தாடையப் பாக்குறப்பெல்லாம் எனக்கு அந்தச் சப்பாத்துதான் ஞாபகம் வருது" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் வாரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தேன்.

நீ தாடையைத் தடவிப் பார்ப்பாய் இந்த இடத்தில். உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த கதை அது. ஆனாலும் முழுவதையும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு அடங்கும். உனக்குப் பதினொரு வயது. தோட்டத்து லொறியை விட்டுவிட்டு நான் சொந்தமாக ஸ்கூல் வேன் ஓட்டத் தொடங்கிய வருடம். தோட்டத்து மேல் டிவிசன் லய வீட்டுப் பிள்ளைகளையும் பஸார்ப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கஹவத்தைப் பள்ளிக்கூடத்துக்கு விடுவேன். பன்னிரண்டு பேர் வண்டியில் இருபத்தொரு பிள்ளைகள். புதிதாகப் பெரிய பள்ளிக்கூடம் போகிறாய் என்று அம்மா உனக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தாள், உன் காலுக்கு இரண்டு சைஸ் பெரிது. "வளர்ற புள்ளதானே" என்று சொல்லி முனையில் பஞ்சு அடைத்தாள். நம் பக்கத்தில் எந்த அம்மாதான் அப்படிச் செய்யவில்லை? ஊரார் பிள்ளைகள் எல்லாரும் சீட்டில் இருந்தார்கள். என் பிள்ளைக்கு நான் கொடுத்த இடம் முன்னால், எனக்கும் மற்ற சீட்டுக்கும் நடுவில், என்ஜினுக்கு மேல் மெத்தை போட்ட மேடு. பிடிக்க ஒன்றுமில்லை, சாயவும் ஒன்றுமில்லை. வளைவில் எதிரே பஸ் வந்தது. பிரேக் பிடித்தேன். நீ பறந்துபோய் முன் பலகையில் தாடையைக் கொண்டு மோதினாய். வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம். வேறு ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் கூட இல்லை. எவ்வளவு கேவலம் பார், அந்த நேரத்தில் எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று தையல் போட்டார்கள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து உன் தலையைத் தடவிக்கொண்டே சொன்னேன்: "அம்மாகிட்ட, பள்ளிக்கூடத்துப் படியில சப்பாத்து தடுக்கி விழுந்துட்டேன்னு சொல்லுப்பா. வேன்ல அடிபட்டுச்சுன்னா நாளைக்கு யாரும் புள்ளைகள அனுப்ப மாட்டாங்க." நீ சரி என்று கட்டுப் போட்ட தாடையை மெல்ல ஆட்டினாய். வண்டியில் வந்த பிள்ளைகளிடமும், சின்னக் கீறல்தான், வீட்டில் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள் என்று மழுப்பினேன், அதுவும் அப்படியே அமுங்கிப்போனது. நீ சொன்னபடியே அம்மாவிடம் சொன்னாய். அவள் அன்றைக்கே அந்தச் சப்பாத்தைக் குப்பைக் குழியில் போட்டுவிட்டு, அடுத்த வாரம் உன் காலுக்கு அளவெடுத்துப் புதிது வாங்கினாள். அதற்குப் பிறகு அவள் உனக்கு எதையும் ஒரு விரற்கடை பெரிதாக வாங்கியதில்லை, கவனித்திருக்கிறாயா? அரை வருடத்துக்கு ஒரு தரம் சப்பாத்து, வருடத்துக்கு இரண்டு கால்சட்டை. உன் கல்யாண வேட்டியைக் கூட அளந்துதான் எடுத்தாள். பாப்பாவுக்குக் கொலுசு செய்ய, காலை நூலால் அளந்து நீளம் சொல்லு என்று மருமகளைப் போனில் படுத்தி எடுத்தாளே, அதற்கும் காரணம் அதுதான். பதினேழு வருடமாக உன் தாடைத் தழும்புக்குத் தான் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு இது தெரியும். தெரிந்துகொண்டே அவள் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் பொய்யின் அடுத்த பாகம். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டாய், "சீட்ட மாட்டிட்டீங்களாப்பா? ஒரு இஞ்சுக்கு மேல அசையக் கூடாது." மாட்டிவிட்டேன், மலை அசைந்தாலும் அது அசையாது என்றேன். பெல்ட் போட்டு மாட்ட வேண்டிய சாமான் அது. என் வேனில் பின்னால் பெல்ட் ஏது? லொறியில் தேயிலைக் கொழுந்து மூட்டையும் றப்பர் கட்டும் கட்டிய கை இது என்ற திமிரில், போனை வைத்த பிறகு தார்ப்பாய்க் கயிற்றை எடுத்து நாற்காலியை, என் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பெஞ்சோடு சேர்த்து வரிந்து கட்டினேன். உண்மையாகவே அது அசையவில்லை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பாப்பாவின் கனத்துக்கு அரிசியை ஒரு பையில் கட்டி, தலைக்கு ஒரு சின்னப் பூசணிக்காயைத் துவாயில் சுற்றி வைத்து, வார் பூட்டி, நம் வீட்டுக்குக் கீழே இருக்கிற ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஏற்றத்தில் நான் பயந்தபடியே பூசணி முன்னால் கவிழ்ந்தது. மேலே போய்த் திருப்பிக்கொண்டு வந்து, ஆள் இல்லாத இடமாகப் பார்த்து ஒரு பிரேக் பிடித்தேன். கயிறு அறுந்துபோகவில்லை. முடிச்சும் இளகவில்லை. பெஞ்சே தளத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு, நாற்காலியும் தானுமாக என் முதுகில் வந்து இடித்தது. அந்த பெஞ்சு வண்டியோடு வந்ததில்லை, மகனே. இன்னும் நாலு பிள்ளைகளை ஏற்றலாம் என்று நானே கராஜில் சொல்லிப் போட்டுக்கொண்டது. கீழே நாலு ஆணி, நாலும் துருப்பிடித்துப் போயிருந்தன.

ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, பிடுங்கி வந்த பெஞ்சைப் பிடித்து நிமிர்த்தினேன். அந்த பெஞ்சில் எத்தனை வருடம், எத்தனை வீட்டுப் பிள்ளைகள்! பிள்ளைகள் இறங்கும்போது "டாட்டா அங்கிள்" என்று கைகாட்டிவிட்டுப் போவார்கள். கடவுள் என்னைக் காப்பாற்றினார் என்று எழுதக் கை கூசுகிறது. அவர்களைக் காப்பாற்றினார், அவ்வளவுதான். உடைந்த பூசணியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "இது எப்புடி ஒடஞ்சுச்சு?" என்று அம்மா கேட்டாள். வேனில் விழுந்துவிட்டது என்றேன். வெகுகாலத்துக்குப் பிறகு வேனைப் பற்றி அவளிடம் நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான் என்று அப்போது தோன்றியது.

அன்று பின்னேரம், அவள் அந்தப் பூசணியை அரிந்துகொண்டிருந்தபோது எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மேடு, பஸ், பிரேக், ஆஸ்பத்திரி பெஞ்சில் உனக்குச் சொல்லிக் கொடுத்தது, எல்லாம். அழுவாள் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் அரிவாள்மணையை எடுத்து வீசுவாள் என்று நினைத்தேன். அவள் அரிவதை நிறுத்தவே இல்லை. "அந்த நாக்காலிக்கு நா சரின்னு சொல்லணும்னு இப்ப இப்புடி ஒரு கதை கட்டுறீங்களா?" என்றாள். இல்லை என்று மாரியம்மன் மேல் சத்தியம் செய்தேன். "அப்ப என் புள்ள எங்கிட்ட சொல்லியிருக்க மாட்டானா? பதினேழு வருசம்! அவன் எங்கிட்ட பொய் சொல்ல மாட்டான்ங்க." அவ்வளவுதான். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்கள். எனக்கு அன்றைக்குப் பூசணிக் கறியோடு சோறு கிடைத்தது, ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. என்னை நம்பினால் நீ பொய் சொன்னவனாகிவிடுவாய். அதைவிட அந்தச் சப்பாத்தே குற்றவாளியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைக்கிறாள். இப்படி ஒரு முடிச்சை என் லொறிக் காலத்தில் கூட நான் போட்டதில்லை.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்குக் குறைந்துவிட்டது. ஆனாலும் அப்பன் என்ற பாவத்துக்குச் சிலவற்றைச் சொல்கிறேன். நீ வாங்கிய நாற்காலி கெட்ட சாமான் இல்லை. பாப்பாவுக்குக் கழுத்தும் முதுகும் நன்றாக உறுதிப்பட்ட பிறகு, பெல்ட் உள்ள வண்டியில், வருடக்கணக்கில் உதவும்; என் பிரேக்கில் பட்ட அடி அதைக் கெடுத்திருக்குமா என்று மட்டும் வாங்கிய கடையில் கேட்டுக்கொள். அம்மா சொல்வதும் முழுப் பிழை இல்லை. நாளைக்கு ஆகும் என்று வாங்கிய எதுவும் இன்றைக்குக் கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கும். எது சரி என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. அங்கே பிள்ளை டொக்டரிடம் கேள், அப்பன் ஒரு பூசணியை வைத்துச் சொன்னான் என்று முடிவெடுக்காதே. தெரிந்த அளவில் நான் செய்தது இது: பஸாரில் பார்மசி வைத்திருக்கிறவரிடம் பின் சீட்டிலும் தோள் பெல்ட் உள்ள கார் இருக்கிறது. நீங்கள் வந்திறங்கும் அன்றைக்கு அவரே ஓட்டிக்கொண்டு வருவார். நான் முன்னால் உட்கார்ந்து வருகிறேன், ஏற்றத்தில் மெதுவாகப் போகச் சொல்வதற்கு மட்டும் வாயைத் திறப்பேன். இரவல் கூடைச் சீட்டை இன்னும் ஒரு மாதம் கேட்டு வாங்கிக் கையோடு கொண்டுவா. இடையில் இரண்டு இடத்தில் நிறுத்தி, பிள்ளையை வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்வோம். என் வேன் வராது. பெஞ்சைக் கழற்றிப் போட்டுவிட்டேன். ஸ்கூல் ஓட்டமும் இந்தப் பள்ளிக்கூடத் தவணையோடு சரி என்று பெற்றோர்களிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களுக்குப் பெஞ்சைத் தூக்கிக் காட்டினேன். ஒருத்தர் திட்டினார். திட்ட வேண்டியதுதான்.

நாற்காலிக்கு இப்படி ஏதோ ஒரு வழி கிடைத்துவிட்டது. அம்மாவுக்குத்தான் என்னிடம் வழி இல்லை. அவள் நேற்றும் அந்தப் பஞ்சுத் திண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதனால் இதைப் படித்து முடித்த உடனே அவளுக்குப் போன் எடு. அடுத்த மாதம் நேரில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்காதே. அவள் எடுத்ததும் பாப்பாவைப் பற்றிக் கேட்பாள், சாப்பிட்டாயா என்று கேட்பாள், அதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் உனக்கும் என்னைப் போல வாய் வராமல் போய்விடும். முதல் வார்த்தையே அதுவாக இருக்கட்டும். பதினொரு வயதில் உன் வாயை மூட வைத்தவன் நான், இப்போது திறக்கச் சொல்கிறேன். அம்மா, நான் பொய் சொன்னேன், சப்பாத்து தடுக்கவே இல்லை என்று சொல்.

அப்பா